விலை கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’

ஆன்லைனில் சேலை விற்பவர்கள் பதிவில் நூல், பார்டர், பிளவுஸ் துணியின் நீளம் எல்லாம் விலாவாரியாகப் போட்டிருப்பார்கள். விலை மட்டும் இருக்காது. கமெண்டில் கேட்டால் ‘இன்பாக்ஸ் ப்ளீஸ்’. அங்கே போனால் ‘ஹாய் மேம், எந்த கலர்?’ என்று ஆரம்பித்து, ராத்திரிதான் விலை வரும். அதுவும் கூரியர் சேர்க்காமல். எரிச்சலாக வருகிறது!

ஏன் என்று கேட்டால், விலையைப் போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவாராம். அவர் வேறு ஐடியில் வந்து கேட்டால் சொல்லத்தானே போகிறீர்கள்? கமெண்ட் கூடினால் பதிவு நிறையப் பேருக்குப் போகும் என்பது இன்னொரு கணக்கு. 800 ரூபாய் பட்ஜெட் வைத்திருப்பவரிடம் 2,400 ரூபாய் சேலைக்காகப் பத்து மெசேஜ் தட்டுவதில் யாருக்கு லாபம்? நிஜமாக வாங்க வந்தவர் அதற்குள் விலை போட்ட கடையில் ஆர்டர் கொடுத்திருப்பார்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளே டெலிவரி கட்டணம் உட்பட மொத்த விலையைக் காட்டச் சொல்கின்றன.

போட்டோவின் மூலையில் கோட் எண்ணும் விலையும் போடுங்கள். கேப்ஷனின் முதல் வரியிலேயே ‘கோட் 14, ரூ.1,250, தமிழ்நாட்டுக்குள் கூரியர் ரூ.60’ என்று எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் அதற்குக் கீழே உள்ளது மடிந்துவிடும், பலர் திறந்து பார்ப்பதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாகில் 500 பொருள் வரை இலவசமாகவே ஏற்றலாம். விற்றுத் தீர்ந்ததை அன்றைக்கே மறைத்துவிடுங்கள். ஆரி எம்பிராய்டரி பிளவுஸ் மாதிரி வேலைக்கேற்ப விலை மாறுமென்றால், ‘ரூ.1,500 முதல்’ என்றாவது போடுங்கள். கழுத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது.