அரக்கோணம் சென்னை மாநகராட்சியில் சேரவில்லை

"அரக்கோணமும் காஞ்சிபுரமும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டன, இனி சென்னைக் கணக்கில்தான் சொத்து வரி" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

2022 அக்டோபரில் விரிவானது சென்னைப் பெருநகரப் பகுதி. அதாவது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) திட்டமிடும் எல்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது 5,904 ஆனது. இந்த இரண்டு ஊர்களும் அதற்குள்தான் வந்தன. மாநகராட்சி எல்லை வேறு. அது 426 சதுர கிலோமீட்டர்தான். பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வருகிறது, புரிகிறது. ஆனால் பழைய பெருநகரப் பகுதிக்குள்ளேயே இருக்கும் ஆவடியும் தாம்பரமும் இன்றும் தனி மாநகராட்சிகள்தானே?

சாலை, ரயில், வெள்ள வடிகால் எதுவும் ஊர் எல்லையில் நின்றுவிடுவதில்லை. பக்கத்து ஊர்கள் சேர்ந்து திட்டமிடத்தான் இந்த ஏற்பாடு. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயிலை இணைத்துப் பார்க்கும் கும்டா என்ற போக்குவரத்துக் குழுமமும் அப்படித்தான், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. இவை எதுவும் வீட்டுக்குச் சொத்து வரி போடுவதில்லை. அதை உங்கள் ஊர் மாநகராட்சியோ நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோதான் விதிக்கும்.

சந்தேகமா? உங்கள் வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எல்லை விவரம் சிஎம்டிஏ இணையதளத்தில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் தகவலை நம்பி, வீட்டை விற்றுவிடலாமா என்று பெரியவர்கள் பதறுகிறார்கள். தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.