ஆமையைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள்

பாம்பு மீட்கும் வீடியோக்கள் சனத்தின் பயத்தைப் போக்குகின்றன என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். அரைவாசிதான் சரி. போன மாரியில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வாய்க்காலில் ஒரு வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, கிடந்தது. பெடியள் மூன்று பேர் வாலைப் பிடித்து இழுத்து, சீறும்வரை விடாமல் படம் எடுத்தார்கள். வயிறு புடைத்திருந்தது. இரை விழுங்கிய பாம்பை அலைக்கழித்தால் கக்கிவிடும். அன்றைக்கும் கக்கியது, ஒரு முயல். வீடியோவுக்குத் தலைப்பு ‘உயிர் காத்த இளைஞர்கள்’!

அந்தக் கட்டுரை தொடாத விசயம், படம் எடுத்த இடம். எங்கள் வன்னிப் பற்றைகளில் திரிகிற நட்சத்திர ஆமைக்கு வெளிநாட்டில் செல்லப்பிராணி என்று விலை இருக்கிறது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் முதலாம் பட்டியலில், அதாவது நாடு விட்டு நாடு வணிகத்துக்கு விற்கத் தடையுள்ள பட்டியலில், 2019இல் சேர்த்தும் கடத்தல் நிற்கவில்லை. பின்னால் குளக்கட்டும் கோயிலும் தெரிய ஆமைப் படம் போட்டால், கடத்துகிறவனுக்கு வழி சொல்லிக் கொடுத்த மாதிரித்தான். நானும் ஒருக்கால் லொகேஷனோடு போட்டு, பிறகு அழித்தேன். மாவட்டப் பெயரோடு நிறுத்தினால் போதும். உடும்புப் படத்துக்கும் அதேதான். அதைத் தேடி வருகிறவன் வெளிநாட்டான் இல்லை, கறிக்காக நாயோடு வருகிற நம்மவன்.