கார் செய்ய வேண்டாம், சோதித்துப் பார்க்கும் களம் ஒன்று வேண்டும்

2025 பெப்ரவரியில் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு மின்சாரக் கார் பற்றித்தான் எங்கும் பேச்சு. 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சே ஓர் ஆறுதல். எனக்கும்தான். ஆனால் எந்தக் கம்பனி, ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும், விலை என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த வாகனத்தை எந்த வெயிலில், எந்த வெள்ளத்தில், எப்படிப்பட்ட வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் நனீட்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஹொரிபா மைரா என்றொரு வாகனச் சோதனை நிறுவனம் இருக்கிறது. தன் பெயரில் ஒரு கார்கூட விற்பதில்லை. 1946இல் பிரித்தானிய மோட்டார் தொழில்துறையின் பொது ஆராய்ச்சிச் சங்கமாகத் தொடங்கி, பழைய விமானப்படைத் தளம் ஒன்றைச் சோதனைத் தடமாக மாற்றிக்கொண்டது. 2015இல் ஜப்பானின் ஹொரிபா அதை வாங்கியது. அடுத்த வருடமே ஃபோர்ட், ஜாகுவார் லேண்ட் ரோவர், டாடாவின் ஐரோப்பியப் பிரிவு மூன்றும் அந்தத் தடத்தில் சேர்ந்து இறங்கின. முன்னால் போகும் கார் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வரும் காருக்கு வானலை வழியாகச் செய்தி போகவேண்டும் என்பது அவர்கள் சோதித்தவற்றில் ஒன்று. ஃபோர்ட் அனுப்பும் செய்தி ஜாகுவாருக்குப் புரியாவிட்டால் அதனால் என்ன பயன்? சந்தையில் மோதிக்கொள்கிறவர்கள் கூடிப் பரிசோதிக்க யாருக்கும் பக்கம் சாயாத ஓர் இடம் தேவைப்பட்டது. மில்டன் கீன்ஸ், கொவென்ட்ரி நகர வீதிகளுக்கு அந்தக் கார்கள் போனது அதற்குப் பிறகுதான்.

இதே நிறுவனம் ஒருங்கிணைத்த கூட்டு முயற்சியில் பிறந்ததுதான் மிஸ்ரா சி. வாகனக் கணினிகளுக்கு சி மொழியில் நிரல் எழுதும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் விதிகள் அவை. 1998இல் முதலில் வந்தன, இன்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிறார்கள். கணினி படிக்கும் நம் தம்பி தங்கைகள் இதைத் தேடிப் படிக்கவேண்டும். இதற்குத் தொழிற்சாலை தேவையில்லை.

தானே ஓடும் கார் நம் ஊருக்கு எப்போது வரப்போகிறது என்று நினைக்கவேண்டாம். தானாகப் பிரேக் பிடிப்பதும், கோட்டுக்குள் வைத்திருப்பதும் இப்போது விற்கப்படும் பல கார்களிலேயே இருக்கின்றன. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஊபர் நிறுவனத்தின் தானே ஓடும் சோதனைக் கார் ஒன்று இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. அவர் யார் என்று மென்பொருளால் முடிவெடுக்க முடியவில்லை. இனந்தெரியாத பொருள் என்றது, வாகனம் என்றது, சைக்கிள் என்றது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை என்று விசாரணையில் தெரியவந்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. நம் கிழக்கிலங்கையில் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் பொழுதுபட்ட பிறகு பிரதான வீதியைப் பாருங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நினைத்த இடத்தில் கடக்காதவர் யார்?

சுவீடனில் பழக்கப்பட்ட வொல்வோவின் விலங்கு உணரும் மென்பொருள் அவுஸ்திரேலியாவில் துள்ளும் கங்காருவின் தூரத்தைக் கணிக்கத் திணறியது. அப்படியென்றால் நடுவீதியில் படுத்து அசைபோடும் மாடு, வெல்லாவெளிப் பக்கம் குறுக்கே வரும் யானை, லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டி, வீதியோரம் காயும் நெல் இவையெல்லாம் அந்த மென்பொருளுக்கு என்னவாகத் தெரியும்? நனீட்டனில் எவ்வளவு நல்ல தடம் இருந்தாலும் இது அங்கே கிடைக்காது. நம்மிடம்தான் கிடைக்கும். கூட்டு ஆராய்ச்சியில் நாம் கையேந்தி நிற்கத் தேவையில்லை, கொடுப்பதற்கும் நம்மிடம் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

பெட்டரியும் அப்படித்தான். நம் நாட்டில் ஓடும் பழைய நிசான் லீஃப் கார்களின் பெட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012இல் அரிசோனா வெயிலில் அவற்றின் பெட்டரி விரைவாகத் திறன் இழந்து, வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகே வெப்பம் தாங்கும் புதிய பெட்டரியை நிசான் கொண்டுவந்தது. சத்தம் போட அவர்கள் கையில் அளவுகள் இருந்தன. நம் கையில் என்ன இருக்கிறது?

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்த வண்டியையும் கழற்றிப் பூட்டத் தெரிந்த கராஜ்காரர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் நடுவாள்தான் இல்லை. பெரிய தடம் எதுவும் உடனே கேட்கவில்லை. பெற்றோல் ஓட்டோ ஒன்றை மின்சாரத்துக்கு மாற்றி, மாரியில் கிட்டங்கி வீதியில் தண்ணீர் ஏறும்போது மோட்டாருக்குள் எவ்வளவு ஈரம் போகிறது என்று அளக்கலாம். வாவிக்கரை உப்புக்காற்றில் இணைப்புகள் எப்படி அரிக்கின்றன என்று மாதாமாதம் குறிக்கலாம். அக்கரைப்பற்று–மட்டக்களப்பு பஸ்ஸில் கமராவைப் பூட்டி மாட்டையும் யானையையும் சைக்கிளையும் படமாகச் சேர்க்கலாம். அந்தத் தரவோடு மைரா போன்ற நிறுவனங்களின் கதவைத் தட்டினால் நம்மைப் பங்காளியாகவே பேசவேண்டி வரும். ஆனால் ஒன்று, தரவின் உரிமை நம் பல்கலைக்கழகங்களிடமே இருக்கவேண்டும். அதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

பொறியியல் பீடத்தில் படிப்பிக்கிறவர்கள், கராஜ் வைத்திருக்கிறவர்கள், ஓட்டோச் சங்கங்களில் இருக்கிறவர்கள் இதைப் பார்த்தால் கீழே எழுதுங்கள். முதல் சந்திப்புக்குக் கல்முனையில் இடம் நான் ஒழுங்கு செய்கிறேன்.