ஹெலனை ஏன் ரயிலேற்றி அனுப்பினார்கள்?

பழைய கௌபாய் படங்களில் பெண்ணுக்கு இரண்டே வேடம்தான். ஒருத்தி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்து இறங்கும் குடும்பப் பெண். இன்னொருத்தி மதுக்கூடத்துப் பெண். முதலாமவளுக்குக் கல்யாணம், இரண்டாமவளுக்குத் துப்பாக்கிக் குண்டு. 1939இல் வந்த 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' படத்தில் மார்லின் டீட்ரிச் நாயகனுக்கு வந்த குண்டைத் தானே வாங்கிக்கொண்டு செத்துப்போவார். அந்த மதுக்கூடத்தில் இவர்களுக்கு என்ன தொழில் என்பதைக்கூடப் படம் வாய்விட்டுச் சொல்லாது. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள் அப்படி. பாடுகிறவள், ஆடுகிறவள் என்று பூசி மெழுகிவிடுவார்கள்.

இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். என்னை உறுத்துகிறவள் இந்தக் கணக்கில் அடங்காத ஒருத்தி: 'ஹை நூன்' (1952) படத்து ஹெலன் ராமிரெஸ்.

நண்பகல் ரயிலில் பழிவாங்க வரும் வில்லனை, ஊரில் யாரும் துணைக்கு வராததால் தனியாக எதிர்கொள்ளும் காவல் அதிகாரி கேனின் கதை அது. அந்தப் படம் என்றால் கேனாக நடித்த கேரி கூப்பரின் தனிமையைப் பேசுவார்கள், சுவர்க் கடிகாரத்தைப் பேசுவார்கள், கிரேஸ் கெல்லியின் அழகைப் பேசுவார்கள். (நடித்தபோது கூப்பருக்கு வயது 50, புது மனைவியாக வரும் கெல்லிக்கு 21. அதைப் பேச மாட்டார்கள்.) மெக்ஸிகோ நடிகை கேட்டி ஹுராடோ நடித்த ஹெலனோ ஊர்க் கடை ஒன்றில் பணம் போட்டிருக்கும் மறைமுகப் பங்குதாரர். ஊருக்குத் தெரிந்த முதலாளி ஒரு வெள்ளைக்காரர். வில்லன் திரும்பி வருகிறான் என்று கேள்விப்பட்டதும் அவள் அழவில்லை. பங்கை விற்கிறாள், பெட்டி கட்டுகிறாள். போகவிடாமல் உரிமை கொண்டாடும் இளம் துணை அதிகாரியிடம், என் விருப்பமில்லாமல் என்மேல் யாரும் கை வைப்பது எனக்குப் பிடிக்காது என்று சொல்லிவிட்டு ஓங்கி ஓர் அறை விடுகிறாள். 1952இல்!

நாயகனின் மனைவி எமியிடமும் ஒளிவுமறைவு இல்லை. மெக்ஸிகோக்காரியாக இருந்து வாழ்ந்த இந்த ஊரை எப்போதுமே வெறுத்தேன், கேன் என் ஆளாக இருந்தால் துப்பாக்கி எடுத்துச் சண்டை போடுவேன் என்கிறாள். பிறகு இருவரும் ஒரே ரயிலில் ஏறுகிறார்கள். வெடிச்சத்தம் கேட்டு எமி இறங்கி ஓடுகிறாள். ஹெலன் ரயிலோடு போய்விடுகிறாள், படத்தை விட்டும்.

எமி ஒருவனைச் சுடுவதைப் பெண்ணின் எழுச்சி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. தந்தையையும் அண்ணனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, நியாயம் அவர்கள் பக்கம் இருந்தும் பயனில்லை என்று கண்டு, வன்முறையை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவ நெறிக்கு வந்தவள் அவள். அந்த உறுதியைக் கணவனுக்காக ஒரு நொடியில் உதறினால்தான் அவளை நல்ல மனைவி என்று படம் ஏற்கிறது. அதுவும் சன்னல் வழியாக, முதுகில் சுடுகிறாள். அந்த உலகத்தில் கோழைத்தனமாகக் கருதப்படும் காரியம் அது. அதை அவள் தலையில் கட்டிவிட்டு நாயகனின் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார்கள்.

ஹெலனுக்காவது ரயில் கிடைத்தது. 'தி சர்ச்சர்ஸ்' (1956) படத்தில் லுக் என்ற பூர்வகுடிப் பெண் வருகிறாள். பண்டமாற்றில் தெரியாமல் தனக்கு மனைவியாகிவிட்ட அவள் பக்கத்தில் வந்து படுத்ததும், நாயகன் ஜான் வெய்னோடு பயணம் செய்யும் இளைஞன் மார்ட்டின் எட்டி உதைக்கிறான். அவள் சரிவில் உருண்டு போகிறாள். வெய்ன் சிரிக்கிறார், நாமும் சிரிக்க வேண்டுமாம். பின்னொரு காட்சியில் ராணுவம் சூறையாடிய கிராமத்தில் அவள் பிணமாகக் கிடக்கும்போது படம் நம்மைப் பரிதாபப்படச் சொல்கிறது. இயக்குநர் ஜான் ஃபோர்டின் உச்சப் படைப்பு என்பார்கள். இருக்கலாம். அந்த உதையை மட்டும் என்னால் கடந்து போக முடிவதில்லை.

உடனே ஒரு சமாதானம் வரும்: அந்தக் காலம் அப்படி. எந்தக் காலம்? 1862ஆம் ஆண்டு குடியிருப்பு நிலச் சட்டப்படி மணமாகாத பெண்ணும் விதவையும் தம் பெயரிலேயே 160 ஏக்கர் வரை அரசு நிலம் கோரலாம். 1869இல் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. அந்த மண்ணில் தன் பெயரில் பட்டா வாங்கி உழுத பெண்கள் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு மதுக்கூடத்தில் மட்டும் கேமராவை வைத்தது படம் எடுத்தவர்களின் விருப்பம். பழியைக் காலத்தின்மேல் போடாதீர்கள்.