அது சோம்பல் அல்ல

நடைபாதை நடுவே படுத்துக்கொண்டு எழ மறுக்கும் அந்தப் புல்டாக் நாயின் காணொளியை இரண்டு நாள்களாக எல்லோரும் பகிர்ந்து தீர்த்துவிட்டீர்கள். எந்தக் காணொளி என்று நான் விளக்க வேண்டியதில்லை. "திங்கட்கிழமை காலையில் நான்" என்று என் நட்பு வட்டத்திலேயே பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து ஒருமுறை ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். பின்னணி இசையையும் மீறி ஒரு கரகரப்புக் கேட்கும். அது சோம்பல் அல்ல, மூச்சுத் திணறல்.

முகம் சப்பையாக இருந்தால்தான் அழகு என்று, இந்த இனத்தை வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் மண்டையோட்டைக் குறுக்கிக்கொண்டே வந்தார்கள். எலும்பு குறுகியது, உள்ளே இருக்கும் சதை அதே அளவுக்குக் குறுகவில்லை. அதனால்தான் வாயின் மேற்கூரையில் பின்புறம் இருக்கும் மென்மையான சதை, அதாவது மென்அண்ணம், நீண்டு தொண்டையை அடைக்கிறது, மூக்குத்துளைகள் நகத்தால் கீறிய கோடுபோல ஒடுங்கிக் கிடக்கின்றன, பல புல்டாக்குகளுக்கு மூச்சுக்குழாயும் உடம்புக்குப் பொருந்தாத அளவு குறுகலாக இருக்கிறது. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடலெங்கும் வியர்த்துச் சூடு தணிவதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். இரைப்பதற்கே வழியில்லாத, 25 கிலோ எடையுள்ள ஒரு நாய் வெயிலில் வேறு என்ன செய்யும்? படுத்துக்கொள்ளும். நாம் சிரிப்போம்.

எங்கள் வீட்டுப் புல்டாக் உருண்டைக்கு ஏழு வயது. குட்டியாக இருந்த நாள் முதல் என் செருப்பின் மேல் தாடையை வைத்துத்தான் தூங்குவாள். "என் செருப்புக்குக் காவல்காரி" என்று எழுதி அந்தப் படத்தை இங்கே போட்டதும், நீங்கள் அதைக் கொண்டாடியதும் பலருக்கு நினைவிருக்கும். அதே படத்தைப் பெருமையாகக் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தலை தாழ்ந்தால் தொண்டை அடைபடும், அதனால் தாடையை உயர்த்திவைத்துக்கொள்கிறது என்றார். செருப்பு இல்லாத நாள்களில் படிக்கட்டின் விளிம்பில் தாடையை வைத்துக்கொள்வாள். அதையும் நான் படம் எடுத்திருக்கிறேன்.

"குறட்டை விடுவது அந்த இனத்தின் இயல்பு" என்று சிலர் வருவீர்கள். இயல்பு என்பது என்ன? பெரும்பாலான புல்டாக் குட்டிகள், தலை பெரிதாகவும் தாயின் இடுப்பு ஒடுக்கமாகவும் இருப்பதால், வயிற்றைக் கிழித்துத்தான் வெளியே எடுக்கப்படுகின்றன, அதுவும் இயல்பா? நார்வேயில் இந்த இனத்தைப் பெருக்கலாமா என்பது வழக்காகி, 2022 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் கூடாது என்றது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் புல்டாக்கைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு மாறியது என்பதும் எனக்குத் தெரியும், அதை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

"மூர்க்கமான நாய்க்கு இவ்வளவு பரிவா" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். கட்டிப்போட்ட காளையின் மூக்கைக் கடித்துத் தொங்க வளர்க்கப்பட்ட நாய்தான். அந்த விளையாட்டை இங்கிலாந்து 1835-இல் தடை செய்துவிட்டது. அதன்பின் வளர்த்தவர்கள் மூர்க்கத்தைக் களைந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். துருத்திய கீழ்த்தாடையையும் தொங்கும் கன்னத்தையும் பார்த்து விலகிப் போகிறீர்கள். உருண்டையோ, ஒரு குழந்தை அவள் காதைப் பிடித்து இழுத்தால் எழுந்து போகவும் சோம்பல்பட்டு... பாருங்கள், நானே அந்தச் சொல்லை எழுதிவிட்டேன். பிடிவாதம் உண்டு, நிறைய உண்டு. ஆனால் வலித்தாலும் முகத்தில் காட்டாத பிடிவாதம் அது. உறுமியிருந்தாலாவது நான் முன்பே கவனித்திருப்பேன்.

மனிதர்கள் படும் பாட்டை எழுதாமல் நாயைப் பற்றி எழுதுகிறாயே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை.

"அப்படியானால் நீ ஏன் வாங்கினாய்?" இதைக் கேட்டவர் எனக்கு நெருங்கிய நண்பர். தெரியாமல் வாங்கினேன் என்று எழுதிவிட்டு அழித்தேன். அந்தச் சப்பை முகத்துக்காகத்தான் வாங்கினேன். மடிப்பு மடிப்பாக இருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அதனால் வாங்கினேன். இன்று அந்த மடிப்புகளுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகாதபடி தினமும் துணியால் ஒற்றி எடுக்கும்போது, என் மணிக்கட்டில் படும் அவள் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. மூக்குத்துளையை அகலப்படுத்தி, அண்ணத்தைச் சிறிது வெட்டி எடுத்தால் ஓரளவு தேறுவாள் என்கிறார் மருத்துவர். மயக்க மருந்தே இந்த இனத்துக்கு ஆபத்து என்றும் அவரேதான் சொல்கிறார்.

அந்தச் செருப்புப் படத்தை நீக்கிவிடலாம் என்று நேற்றிரவு தேடிப் போனேன். அதற்குக் கீழே புதிதாக யாரோ வந்து சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்.