குடும்பப் பெயர் கட்டாயமாம்!

மியன்மாரின் (பர்மா) யாங்கோன் நகரில் உளுந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறோம். தேவைகளைக் கேட்டறியும் கூட்டம் என்ற பெயரில் அங்கே நடப்பதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், கணக்குப் பிரிவினர் பணம் கட்டுபவரையும், கிடங்குக்காரர்கள் மூட்டை இறக்கும் இடத்தையும், விற்பனையாளர்கள் தொலைபேசியில் விலை விசாரிப்பவரையும் சொல்கிறார்கள். மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டுவிடுங்கள் என்று முதலாளி முடித்துவிடுகிறார்.

அதைவிடக் கொடுமை, வெளிநாட்டு மாதிரிப் படிவத்தை அப்படியே நகலெடுத்துக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது. பர்மியரிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே இல்லை. நம் தமிழர்களிலோ வீட்டில் தமிழ்ப் பெயரும் அடையாள அட்டையில் பர்மியப் பெயருமாக இருப்பவர்கள் உண்டு. ஆகவே எழுத்தர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள், அல்லது பெயருக்கு முன்வரும் 'ஊ', 'டோ' என்னும் மரியாதைச் சொல்லைப் பிரித்துப் போடுகிறார்கள். பிறகு ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு, இரண்டு கடன் பாக்கி. மாநில எண், சாய்கோடு, நகர எழுத்துகள், ஆறு இலக்கங்கள் எல்லாம் கலந்த அடையாள அட்டை எண்ணை வெறும் எண்ணாகச் சேமிக்கச் சொன்ன புண்ணியவானும் இவர்களில் ஒருவர்தான்.

எடைக்கு அலகு வேண்டாமாம். சந்தையில் வீசை (சுமார் 1.63 கிலோ), ஏற்றுமதித் தாளில் மெட்ரிக் டன் என்று இருக்க, எண் மட்டும் போதும் என்கிறார்கள். விலைச்சீட்டு தவறாக வந்தால் மட்டும் நிரல் எழுதியவனின் கைபேசி நள்ளிரவிலும் அலறுகிறது.