முத்தியால்பேட்டை வருமானக் கணக்கு: அந்த ஃபார்வர்டில் எது தப்பு?

"2021 சென்சஸ் படி புதுச்சேரி நகர மக்கள்தொகை 12,47,953. முத்தியால்பேட்டையில் குடும்ப வருமானம் இவ்வளவு, வீடுகள் இவ்வளவு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நம்ப வேண்டாம்.

முதலில், 2021 சென்சஸ் நடக்கவே இல்லை. கொரோனாவால் தள்ளிப்போனது. 12,47,953 என்பது 2011 கணக்கு. அதுவும் நகரத்துக்கல்ல, காரைக்கால், மாஹே, ஏனாம் சேர்ந்த மொத்த யூனியன் பிரதேசத்துக்கு. அப்போது புதுச்சேரி நகராட்சியில் இருந்தது சுமார் 2.44 லட்சம் பேர். பக்கத்து உழவர்கரை நகராட்சியில் 3 லட்சம்! நகராட்சியைவிட உழவர்கரையில் ஆட்கள் அதிகம் என்றால் நம்மூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள்.

வருமானக் கதை இன்னும் வேடிக்கை. சென்சஸில் உங்கள் சம்பளத்தை யாரும் கேட்பதே இல்லை. கூரை ஓடா கான்கிரீட்டா, எத்தனை அறை, குடிதண்ணீர் எங்கிருந்து, கழிவறை உண்டா, டிவி, டூவீலர் இருக்கிறதா, இப்படித்தான் கேட்பார்கள். தனிநபர் வருமானம் என்று பேப்பரில் வருவது மாநில உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தது. அதிலிருந்து ஒரு பேட்டையின் வருமானத்தை எடுக்க முடியாது.

வீட்டுக் கணக்கிலும் ஒரு சிக்கல். கீழே சைக்கிள் கடை, மாடியில் தனித்தனி வாசலோடு இரண்டு போர்ஷன் என்றால், நாம் ஒரு வீடு என்போம். சென்சஸில் அது மூன்று 'வீடு'. கடை, பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அந்த எண்ணில் அடக்கம். பூட்டிக் கிடப்பதும்தான்.